எண்பத்து நாலு மைலேஜ்

திண்டுக்கல் மாவட்ட வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கப்பட வேண்டியதும், பொன் விற்கிற விலையில் இதுவரை யாரும் பொறிக்க முன்வராததுமான ஒரு மாபெரும் நிகழ்ச்சியைப் பொதுமக்கள் அனைவருக்கும் பணிவன்புடன் அறிவித்துக்கொள்கிறோம். 1999ஆம் ஆண்டு, ஆவணி மாதம், நல்ல வெயில் நேரத்தில், கோவர்த்தனா வீரிய விதைக் கம்பெனியின் திண்டுக்கல் கிளை மேலாளர் திருவாளர் பெலிக்ஸ் அவர்களுக்கு ஒரு ஃபேக்ஸ் வந்தது.

கிளை என்றதும் நாலு மேஜை, எட்டு நாற்காலி, டீ வாங்கி வர ஒரு ஆள் என்று யாரும் கற்பனையை ஓடவிட வேண்டாம். கிளையில் இருந்தது பெலிக்ஸ் ஒருவர்தான். மேலாளரும் அவரே, அந்த மேலாளருக்குக் கீழே வேலை பார்த்தவரும் அவரே. நாகல் நகரில் அவர் குடியிருந்த வீட்டின் முன்னறைதான் அலுவலகம். அதில் ஒரு மேஜை, தக்காளிப் படம் போட்ட காலண்டர், வாசலில் ஒரு நூறு சிசி பைக். பைக்கின் இரண்டு பக்கமும் விதைப் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு அகரம், கன்னிவாடி, ஆயக்குடி என்று ஊர் ஊராகப் போய், தக்காளி விதையும் கத்தரி விதையும் வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுவார். இந்தக் கெஞ்சலுக்குத்தான் அவருடைய விசிட்டிங் கார்டில் 'மேலாண்மை' என்று பெயர்.

பெலிக்ஸுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது ஊருக்கே தெரியும். தெரியாதவர்கள் தட்டுப்பட்டால் அவரே நிறுத்திவைத்துத் தெரியப்படுத்திவிடுவார். அப்படிப்பட்டவர் ஓர் இங்கிலீஷ் வார்த்தைக்கு இன்னொருவரிடம் அர்த்தம் கேட்பதாவது! அதைவிட, கல்யாணப் பந்தியில் எழுந்து நின்று இரண்டாம் தடவை பாயசம் கேட்கலாம்.

ஃபேக்ஸ் வந்து இறங்கிய இடம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த அப்துல் வாஹித்தின் எஸ்.டி.டி. பூத். அனுப்பியவர் கோயமுத்தூரில் இருக்கும் சின்ன முதலாளி ஹரி. இவர் அமெரிக்காவில் இரண்டு பட்டம் வாங்கிக்கொண்டு, பதிலுக்குத் தமிழில் பாதியை அங்கேயே கொடுத்துவிட்டுத் திரும்பியவர். வந்ததும் ஆடிட்டரைக் கூப்பிட்டார். ஆடிட்டர் சொன்னார்: "மாசா மாசம் பெட்ரோலுக்குன்னு ஒரு தொகையைத் தூக்கிக் குடுத்தா, அதைச் சம்பளம்னு சொல்லி வருமானவரிக்காரன் வரி போடுவான். வேலைக்காக ஓட்டின தூரத்துக்கு மட்டும் குடுங்க. அவங்களுக்கும் வரி இல்லை, நமக்கும் செலவுன்னு கழிச்சுக்கலாம்."

ஆகவே ஃபேக்ஸில் இரண்டே விஷயம். ஒன்று, மாத முடிவில் ஒவ்வொருவரும் தமது 'மைலேஜ்' எவ்வளவு என்று தெரிவிக்க வேண்டும். இரண்டு, திண்டுக்கல் கிளையும் கரூர் கிளையும் ஒன்றாகப் போகின்றன. இரண்டு மேலாளர்களில் ஒருவர் மண்டல மேலாளர் ஆவார். மற்றவருடைய சேவைக்குக் கம்பெனி நன்றி தெரிவிக்கும். யார் எது என்பதை முடிவு செய்வதில் மைலேஜுக்கு முக்கிய இடமுண்டு.

அமெரிக்காவில் மைலேஜ் என்றால் ஓட்டிய தூரம். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது. டீக்கடையில், சலூனில், இழவு வீட்டு வாசலில்கூட, பைக்கில் வந்து இறங்குகிறவனிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "வண்டி என்ன மைலேஜ் குடுக்குது?" இந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் உண்மையான பதில் சொன்னதாகத் தகவல் இல்லை.

பெலிக்ஸ் ஃபேக்ஸை நாலாக மடித்து, சட்டைப்பையில் வைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"கிளாரா, கம்பெனி இப்பத்தான் உருப்படியா ஒரு காரியம் பண்ணியிருக்கு. எவன் வண்டி நல்ல மைலேஜ் குடுக்குதோ அவன்தான் மண்டல மேனேஜர்."

கிளாரா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுடைய சம்பளத்தில்தான் அந்த வீட்டின் அடுப்பு எரிந்தது. வெங்காயம் உரித்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"வண்டி நல்லா ஓடுனா வண்டியத்தான மேனேஜராக்கணும்? உங்கள எதுக்கு ஆக்குறாக?"

"உனக்கு நிர்வாகம் புரியாது. சொட்டுப் பெட்ரோல மிச்சம் பிடிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் ஒரு மண்டலத்தையே நடத்தத் தெரியும்."

"சரி, அந்தக் கரூர்க்காரரு வண்டி உங்க வண்டியவிட நல்லா ஓடிருச்சுன்னா?"

ஓடிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு பேருக்குமே தெரியும். கிளாராவின் அப்பா சூசை மேற்கு ரத வீதியில் இரும்புக்கடை வைத்திருந்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக்கை வாயில் ஊட்டியபடியே, "மாப்ள, கடையில ஆணி எடை போட நம்பிக்கையான ஆளு ஒண்ணு வேணும். மனசுல வச்சுக்கங்க" என்பார். பெலிக்ஸ் அந்தக் கேக்கை மென்று விழுங்கப் படும் பாடு அவருக்குத்தான் தெரியும். வேலை போனால் மறுநாள் காலையில் ஆணி. மாமனார் கல்லாவில் உட்கார்ந்திருக்க, தங்க எழுத்து விசிட்டிங் கார்டு போட்ட மேலாளர் கால் கிலோ ரெண்டு இஞ்ச் ஆணியைக் காகிதத்தில் பொட்டலம் கட்ட வேண்டும்.

அன்று சாயங்காலமே பைக் பேகம்பூரில் முனீரின் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. முனீர் பெட்ரோல் டேங்கின் குழாயைப் பிடுங்கிவிட்டு, பழைய குளுக்கோஸ் பாட்டில் ஒன்றை ஹேண்டில்பாரில் தலைகீழாகக் கட்டி, அதிலிருந்து குழாயை இறக்கினார். நூறு மில்லி பெட்ரோல் ஊற்றி ஓட்ட வேண்டும். எங்கே நிற்கிறதோ அங்கே மீட்டரைப் பார்த்துப் பத்தால் பெருக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளி தப்பித்து ஓடுகிற மாதிரி பாட்டிலும் குழாயுமாகப் பெலிக்ஸ் தாடிக்கொம்பு ரோட்டில் கிளம்பினார். முனீர் இன்னொரு வண்டியில் பின்னாலேயே போனார்.

ஐம்பத்து இரண்டு.

"பாய், இது என் வண்டிதானா?" என்றார் பெலிக்ஸ். போன வாரம்வரை கேட்டவர்களிடமெல்லாம் எழுபது என்று சொல்லிவந்தவர்.

"வண்டிய ஏன்ணே வையிறீக? ரெண்டு பக்கமும் பெட்டி, முதுகுல பை, முன்னால தூக்குச்சட்டி. ஆளுங்கூட செத்த கனமாத்தான் இருக்கீக. ஒவ்வொண்ணாக் கழட்டுவோம்."

ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். பெட்டிகள் போயின. பம்பர் போனது. மனைவியின் சேலை சிக்காமலிருக்கப் போட்ட கம்பிவலை போனது. கூடவே மனைவி பின்னால் உட்காரும் உரிமையும் போனது. கார்புரேட்டரைத் திருகி, செயினுக்கு எண்ணெய் விட்டு, டயரில் காற்றைக் கல் மாதிரி ஏற்றினார்கள். பெலிக்ஸ் ராத்திரிச் சோற்றை நிறுத்தினார். "மண்டலம் வேணும்னா வயித்தக் கட்டணும்" என்று கிளாராவிடம் இங்கிலீஷிலும் சொன்னார்.

"நாளைக்கு மொட்டையும் போட்டுக்கங்க, காத்து தடையில்லாமப் போகும்" என்றாள் கிளாரா. பெலிக்ஸ் ஒரு நாள் முழுக்க அதை யோசித்தார்.

கடைசிச் சோதனை அகரம் போகிற வழியில் நடந்தது. தென்மேற்குக் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. முன்னால் வைக்கோல் லாரி ஒன்று ஆடி ஆடிப் போனது. "அண்ணே, அது குண்டிக்குப் பின்னாடியே ஒட்டிப் போங்க, மூஞ்சியில காத்தே படாது!" என்று முனீர் கத்தினார். பெலிக்ஸ் ஒட்டினார். பாட்டில் காலியான பிறகும் வண்டி ஒரு சரிவில் உருண்டது. உருண்டு, இன்னும் கொஞ்சம் உருண்டு, ஒரு பூந்தோட்டத்து வேலியோரமாகப் போய் மூச்சை விட்டது. தலை, மீசை, காது எல்லாவற்றிலும் வைக்கோலோடு மண்டல மேலாளர் வேட்பாளர் இறங்கினார்.

"எம்பத்தி நாலுண்ணே!"

"கடைசியா உருண்டதையும் சேத்தா பாய்?"

"உருண்டதும் ஓடுனதுதானே? தள்ளிக்கிட்டு வந்தாத்தான் கணக்குல வராது."

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பூப்பறித்துக்கொண்டிருந்த பெண்கள், வைக்கோல் பொதியும் கிரீஸ் சட்டையும் ரோட்டில் கட்டிப்பிடித்து ஆடுவதைப் பார்த்துவிட்டு, "கள்ளுக்கடைய மூடிட்டாகன்னாக, எங்கிட்டோ தொறந்துதான் இருக்கு போல" என்று வேலையைத் தொடர்ந்தார்கள்.

கிடைத்த மைலேஜைக் காப்பாற்ற வேண்டுமே! புரட்டாசி முழுக்கப் பெலிக்ஸ் வண்டியை ஒரு பச்சைப்பிள்ளை மாதிரி தாங்கினார். வேலையில்லாமல் ஸ்டார்ட் செய்வதில்லை. கன்னிவாடிப் பக்கம் மேடு, அதனால் போவதில்லை. ஆயக்குடிப் பக்கம் தூரம், அதனால் போவதில்லை. அகரத்துக்குக் காற்று சாதகமாக இருந்தால் மட்டும் போவது. வரும்போது எதிர்காற்று என்பதால் பெரும்பாலும் அதுவும் இல்லை.

இந்த இடத்தில்தான் வரலாறு தன் வேலையைக் காட்டியது. ஐப்பசி நடவுக்கு விவசாயிகள் நாற்றுவிட வேண்டிய நேரம். வாரம் தவறாமல் வரப்பில் வந்து நின்று, "அண்ணே, ஒரே ஒரு பாக்கெட்டு, எனக்காகண்ணே" என்று கெஞ்சிய மனிதரைக் காணவில்லை. கன்னிவாடித் தக்காளி விவசாயி மொக்கைச்சாமி இதைப் பற்றித் தீவிரமாகச் சிந்தித்தார். பெட்டிக்கடையில் உட்கார்ந்து தீர்ப்பும் சொன்னார்:

"ஏலே, விக்கிறவன் வீடு தேடி வந்தா சரக்கு தேங்கிக் கெடக்குன்னு அர்த்தம். வராம இருந்தா? சரக்கு இல்லேன்னு அர்த்தம்! அம்புட்டையும் ஆந்திராக்காரன் அள்ளிட்டுப் போயிட்டானாம்லே!"

ஆந்திராக்காரன் எப்படி உள்ளே வந்தான் என்பது மொக்கைச்சாமிக்கே தெரியாது. ஆனால் வந்துவிட்டான். மறுநாள் காலையில் நாகல் நகர் வீட்டு வாசலில் பத்துப்பேர். அடுத்த நாள் தெரு முனைவரை ஆள். இலவசமாகக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள், "எனக்கு நாலு பாக்கெட்டு எடுத்து வச்சிரு அப்பு, வேற யாருக்கும் சொல்லாத" என்று காதில் வந்து ஓதினார்கள். பெலிக்ஸ் கோயமுத்தூரிலிருந்து விதையை லாரி லாரியாக வரவழைத்தார். கம்பெனி தொடங்கியதிலிருந்து எந்தக் கிளையும் ஒரு மாதத்தில் அவ்வளவு விற்றதில்லை. பெலிக்ஸுக்கு இது பெரிய தொந்தரவாக இருந்தது. அவர் கவனமெல்லாம் மைலேஜில்.

மாதம் முடிந்தது. 'மைலேஜ்: 84' என்று ஃபேக்ஸ் போனது. இரண்டாம் நாள் வாஹித் பூத்துக்குக் கோயமுத்தூரிலிருந்து கேஷியர் தங்கவேலு போன் செய்தார்.

"ஏனுங்க பெலிக்ஸு, மைலேஜு எம்பத்தி நாலுன்னு போட்டிருக்குதுங்களே. நெசந்தானுங்களா?"

"நெசந்தான். ஏன், ஜாஸ்தியா இருக்குன்னு சந்தேகமா?" பூத்தில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று பெலிக்ஸ் குரலை உயர்த்தினார்.

"ஜாஸ்தியா? ஏனுங்க, கரூரு முகேஷ்குமாரு மூவாயிரத்தி அறுநூறு போட்டிருக்கறாருங்க!"

பெலிக்ஸ் ரிசீவரை ஒரு தடவை காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

"மூவாயிரத்தி அறுநூறா? என்ன ஊத்துறான் வண்டிக்கு? புனித தீர்த்தமா? ராக்கெட்டே அம்புட்டுக் குடுக்காதுங்க!"

"முன்னப் பின்ன இருக்குமுங்க. எல்லாரும் கொஞ்சம் ஏத்தித்தானுங்க போடுவாங்க. நீங்களும் கொஞ்சம் ஏத்திப் போட்டிருக்கலாமல்லங்க?"

"நானா? உருண்டதக்கூடச் சேக்கலாமா வேணாமான்னு யோசிச்சுச் சேத்தவன் நான்!"

அந்தப் பக்கம் தங்கவேலு பெருமூச்சு விட்டார். "சின்ன மொதலாளி ரொம்பக் கோவமா இருக்கறாருங்க. வியாழக்கெழம நேர்லயே வாராருங்க. பாத்துப் பேசிக்கோங்க."

போனை வைத்ததும் பூத்தே கொதித்தது. "மூவாயிரமாம்ல!" என்றார் ஒருவர். "என் வண்டி தொண்ணூறு குடுக்கும்" என்றார் அப்துல் வாஹித். "தொண்ணூத்தி அஞ்சு" என்றார் பஸ்ஸுக்குக் காத்திருந்த முகம் தெரியாத ஒருவர். அவரிடம் சைக்கிள்கூட இருந்த மாதிரி தெரியவில்லை. பெலிக்ஸ் மட்டும் அந்த ஏலத்தில் சேராமல் வீட்டைப் பார்த்து நடந்தார். பொய்யன் மண்டலம் ஆளப்போகிறான். யோக்கியன் ஆணி எடை போடப்போகிறான்.

வியாழக்கிழமை வெள்ளைக் கார் வந்து நின்றது. ஹரி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வாசலில் மொய்த்திருந்த விவசாயிகளை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, தக்காளிக் காலண்டருக்குக் கீழே உட்கார்ந்தார். சேவைக்கு நன்றி தெரிவிக்கும் முகமாகத்தான் அது இருந்தது. எண்பத்து நாலு கிலோமீட்டர் ஓட்டி அவ்வளவு விற்றதாகச் சொல்வது பொய்க்கணக்கு என்று முடிவுகட்டியே வந்திருந்தார்.

"பெலிக்ஸ். எய்ட்டி ஃபோர். இது ட்ரூவா?"

"ட்ரூ சார். மாதா மேல சத்தியமா ட்ரூ."

"ஹவ்? எப்படி முடியுது இப்படி?"

கோபத்தில் கேட்ட கேள்வி. பெலிக்ஸ் அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார். நெஞ்சு நிமிர்ந்தது.

"எல்லாம் கன்ட்ரோல் சார். தேவையில்லாம ஸ்டார்ட்டே பண்றதில்ல. தானா உருண்டு போற எடத்துல நாம எதுக்கு சார் போட்டு முறுக்கணும்?"

ஹரி நிமிர்ந்தார். "ஸே தட் எகெய்ன்."

"தானா உருண்டு போற எடத்துல முறுக்கக் கூடாது சார். லோடும் கூடாது. பெட்டியெல்லாம் கழட்டி எறிஞ்சிட்டேன். சம்சாரத்தக்கூட ஏத்துறதில்ல. அப்புறம், காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கந்தான் போகணும். முக்கியமா, முன்னால பெரிய வண்டி ஒண்ணு போச்சுன்னா அது பின்னாடியே ஒட்டிக்கணும். அவன் காத்தக் கிழிச்சுக் குடுப்பான், நாம அலுங்காமப் போயிரலாம்."

அமெரிக்காவில் இரண்டு பட்டத்துக்குக் கொட்டிய பணத்துக்கு இப்படி ஒரு வாக்கியம் ஹரிக்குக் கிடைத்ததில்லை. அவர் கண்கள் மெல்ல விரிந்தன. அந்த நேரம் பார்த்து ஜன்னல் கம்பிக்கு நடுவே மொக்கைச்சாமியின் மூக்கு நுழைந்தது.

"ஏப்பு மேனேஜரு, விடியக்காலம் வந்தவன் நிக்கேன். விதை இருக்கா, இல்ல ஆந்திராவுக்கே அம்புட்டும் அனுப்பிட்டியா?"

ஹரி ஜன்னலைப் பார்த்தார். தெருமுனைவரை நின்ற தலைகளைப் பார்த்தார். எழுந்தே விட்டார்.

"மை காட்! முகேஷ்குமார் மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் சுத்தி, உங்க சேல்ஸ்ல கால்வாசிகூட இல்லை. நீங்க மாசம் பூரா வெறும் எண்பத்து நாலு கிலோமீட்டர் மட்டும் போய்..."

காப்பி கொண்டு வந்த கிளாரா தட்டை மேஜையில் வைத்தாள். கணக்கு டீச்சர் அல்லவா, விடை சட்டென்று விழுந்துவிட்டது. பெலிக்ஸுக்குப் பாதிதான் விழுந்தது, அதுவும் வாய் வழியாக வெளியே போகத் தொடங்கிவிட்டது.

"சார், அது மாசத்துக்கு இல்ல சார், ஒரு லிட்டர்..."

"ஆமா, ஒரு லிட்டர் பால் வேணும்! சாருக்கு இன்னொரு காப்பி போடணும், உள்ள வந்து தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டுப் போங்க" என்று கிளாரா அவரை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அவுக கேட்டது வண்டி எம்புட்டுத் தூரம் போச்சுன்னு. லிட்டருக்கு எம்புட்டுன்னு இல்ல."

"அப்ப நான் மைலேஜ்ங்கிற வார்த்தைக்கே..." பெலிக்ஸின் முகம் வெளுத்தது. வேலை போவதைவிட அந்த வார்த்தை போனதுதான் அவருக்கு வலித்தது. "நான் போயி விளக்கமாச் சொல்லிர்றேன் கிளாரா. நேர்மைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கு. அப்பா கடையில ஆணிகூட இருக்கு. கால் கிலோ, அரைக் கிலோ, எல்லாம் உங்க கையால எடை போடணும்னு காத்துக்கிட்டிருக்கு. எது வேணும்?"

பெலிக்ஸ் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, முன்னறை வழியாக, சின்ன முதலாளியைப் பார்த்துப் பணிவாகச் சிரித்தபடி, பால் வாங்கப் போனார். ஓர் இங்கிலீஷ் வார்த்தையைத் தெரிந்துகொண்ட பிறகும் அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசாமலிருந்தது அன்று ஒரு நாள்தான்.

திரும்பி வந்தபோது அவர் திண்டுக்கல், கரூர் மண்டல மேலாளர்.

தெருவே திருவிழாவானது. முனீர் பத்தாயிரம் வாலா வெடித்து, "எல்லாம் நம்ம ட்யூனிங்" என்று அன்று மட்டும் ஏழு பைக்குகளுக்கு அட்வான்ஸ் வாங்கினார். சூசை மாலையோடு வந்து, "எனக்கு அப்பவே தெரியும் மாப்ள, உங்களுக்கு ஆணியெல்லாம் சரிப்படாது" என்று கண்கலங்கினார். ஆணி எடை போட நம்பிக்கையான ஆள் போய்விட்ட துக்கமும் அதில் கொஞ்சம் இருந்தது. மொக்கைச்சாமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மேலாளரின் கையைப் பிடித்து, "பதவி வந்துருச்சுன்னு இனிமே ஊர்ப்பக்கம் வந்துராத அப்பு. நீ வராம இருக்குறதுதான் உனக்கு மதிப்பு" என்று வாழ்த்தினார். கழற்றிப் போட்ட கம்பிவலையை மாட்டிவிட்டு, கிளாராவை ஏற்றிக்கொண்டு பெலிக்ஸ் பைக்கில் மலைக்கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மைலேஜைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நினைக்காமல், முறுக்கு முறுக்கென்று முறுக்கினார்.

அடுத்த வாரம் எல்லாக் கிளைகளுக்கும் ஹரி ஒரு ஃபேக்ஸ் அனுப்பினார். தலைப்பு: 'திண்டுக்கல் மாடல்'. தானாக உருளும் இடத்தில் யாரும் முறுக்கக் கூடாது என்று தொடங்கியது. அலைச்சல் குறைந்தால் விற்பனை பெருகும் என்பது நிரூபணமாகிவிட்டதால், இனிமேல் பிரதிநிதிகள், மேலாளர்கள், மண்டல மேலாளர்கள் யாராக இருந்தாலும் மாதத்துக்கு எண்பத்து நான்கு கிலோமீட்டருக்கு மட்டுமே கம்பெனி பணம் தரும். அதற்கு மேல் ஓட்டுகிறவர்கள் சொந்தச் செலவில் ஓட்டிக்கொள்ளலாம். செலவே இல்லாமல் போனால் வரியில் எதைக் கழிப்பது என்று ஆடிட்டர் அழுததாகவும், அவருக்கும் 'திண்டுக்கல் மாடல்' பற்றி வகுப்பெடுக்கப்பட்டதாகவும் தங்கவேலு பிறகு போனில் சொன்னார்.

ஃபேக்ஸின் கடைசி வரியில் ஓர் உத்தரவு இருந்தது: புதிய மண்டல மேலாளர் திங்கட்கிழமைதோறும் கரூர் அலுவலகத்தில் நேரில் ஆஜராக வேண்டும்.

திண்டுக்கல்லிலிருந்து கரூர் எழுபத்தைந்து கிலோமீட்டர். போவதற்கு மட்டும்.